கிணற்று மேட்டுக்கு வந்த இரண்டு வேம்புகள்

பரமத்திப் பக்கத்திலிருந்து வழக்குக்கு வந்திருந்த ஒருவர் நாமக்கல் கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "பாவாயம்மா போயிட்டாங்க, தெரியுமுங்களா?" என்றார். முந்தின நாள் வெள்ளாமையைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர், காலையில் எழவில்லையாம். அன்று மாலை தகனம் என்றார். உடனே பஸ் ஏறினேன்.

ஜேடர்பாளையம் போகும் வழியில், வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில் இருக்கிறது அவருடைய தோட்டம். 'அவருடைய' என்று நான் எழுதுவதை அவர் ஒப்பமாட்டார். பிள்ளை இல்லாத அவருக்குக் கணவர் எழுதி வைத்த உயில் அப்படி: ஆயுள் உள்ளவரை பாவாயி அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அவருக்குப் பிறகு கணவரின் தம்பி மகன் முத்துசாமிக்கு. "பாத்துக்கறது நானு, பாத்தியம் அவனுக்கு" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்வதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

வரப்போரத்து வேம்பு இரண்டை அவர் வெட்டியபோது முத்துசாமி வழக்குப் போட்டார். பெரியம்மா சொத்தை அழிக்கிறார், கோர்ட்டே ரிசீவர் என்று ஒரு பொறுப்பாளரைப் போட்டு நிலத்தைக் கையிலெடுக்க வேண்டும் என்பது பிராது. கோர்ட்டு அதை ஏற்றிருந்தால் அந்த அம்மாள் தோட்டங்காட்டை விட்டு இறங்கியிருக்க வேண்டும். நேரில் பார்த்துவர வக்கீல் ஒருவரைக் கமிஷனராக அனுப்பினார்கள். பத்திரிகைக்காக நானும் போனேன்.

பெரியம்மாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேச்செல்லாம் கமிஷனர் வழியாகத்தான்.

"மரம் எங்கீன்னு கேளுங்க" என்றார் முத்துசாமி.

"எங்கியும் போகலீங்க சாமி, நிக்கிற எடந்தான் மாறிப்போச்சு" என்று பாவாயம்மாள் எங்களைக் கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போனார். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்கு இரண்டு பக்கமும் தூணாக நின்றன அந்த வேம்புகள். பழைய தூண்கள் உளுத்துவிட்டன. அந்தக் கோடையில் கிணற்றையும் ஆழப்படுத்தியிருந்தார்.

"இன்னும் எத்தன வருசம் இருக்கப் போறாங்கன்னு இத்தன ஆழம் வெட்டறாங்க? அதையுங் கேளுங்க."

கமிஷனர் கேட்கவில்லை. அந்த அம்மாள் முதல்முறையாக முத்துசாமி பக்கம் திரும்பினார்.

"நான் எப்பச் சாவேன்னு பாத்துட்டு இருக்கறே. அதுல ஒண்ணும் தப்பில்ல சாமி. அப்படிக் காத்திருக்கறவன் கெணத்தையுங் கொஞ்சம் எட்டிப் பாக்கோணும்."

முத்துசாமி எட்டிப் பார்க்கவில்லை.

மதியம் எங்களுக்குச் சோறு போட்டார். முத்துசாமி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றார். வழக்கில் ஒரு தரப்பு வீட்டில் எதிர்த்தரப்பு சாப்பிடலாமா என்று கமிஷனருக்கும் சந்தேகம். "கேசு கோர்ட்டுல இருக்கட்டுமுங்க. எனக்குக் கொள்ளி வெக்கிற கை அது. என்ற ஊட்டுல இருந்து பசியோட போகக்கூடாது" என்றார் பாவாயம்மாள். முத்துசாமி வந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். மோருக்கு மட்டும் ஒருமுறை கையை நீட்டினார்.

ரிசீவர் தேவையில்லை என்று தீர்ப்பாயிற்று. பாவாயம்மாள் காட்டிலேயே இருந்தார். முத்துசாமி மட்டும் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

சாவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முத்துசாமி தலையை மழித்துக்கொண்டு நின்றிருந்தார். கொள்ளி வைப்பவர் தோளில் சுமக்கும் குடத்துக்குத் தண்ணீர் வேண்டும். கடுங்கோடை, பக்கத்துக் காட்டுக் கிணறுகளில் சேறுதான் இருந்தது. "இங்க இருக்குமுங்க" என்று பண்ணையாள் கிணற்று மேட்டைக் காட்டினார். முத்துசாமி அந்த வேப்பந்தூண்களுக்கு நடுவே நின்று, குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் குடம் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் குனிந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பாவாயம்மாளிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம். சொத்து வழக்கென்று எந்த ஊருக்குப் போனாலும், இரு தரப்பையும் விசாரிக்கும் முன் கிணற்றை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.