யாரும் பேசக் கூடாத அலைவரிசை

மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் நரின் ஊரில் ஊல்கானின் வேலை என்னவென்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு அவள், கூரையில் ஆன்டெனா முளைத்த சாம்பல் நிற வேனில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிற பெண். டாக்சிக்காரர்கள் அனுமதியில்லாமல் வைத்திருக்கும் வயர்லெஸ், விமானங்களின் அலைவரிசையில் போய் இரைகிற பழுதான டிரான்ஸ்மிட்டர் என்று எது எங்கிருந்து கத்தினாலும் தேடிப் பிடித்து நிறுத்துவது அவள் பொறுப்பு. மாகாணம் முழுவதற்கும் அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான்.

அவள் கணவன் ஒமுர்சக்குக்கும் அந்த வேலை தெரியும். அவனுக்குத் தெரிந்த விதம் வேறு. என் மனைவி இன்னொரு ஆம்பளையோடு வண்டியில் ஏறி, செல்போன் எடுக்காத இடத்துக்குப் போகிறாள். அவ்வளவுதான் அவன் கணக்கு.

அந்த இன்னொரு ஆம்பளை வேன் டிரைவர் சாத்திபால்டி. அறுபதை நெருங்குகிறவர், மனைவியை இழந்தவர். மேல்வரிசையில் பாதிப் பற்கள் இல்லை. வயிற்றுப்புண் உண்டு. பேச்செல்லாம் தன் பசுவைப் பற்றித்தான். பொறாமைப்படுவதற்கு இவரைவிட மோசமான ஆளை நரினில் தேடிப் பிடிக்க முடியாது. ஒமுர்சக்கின் பொறாமைக்கு அதெல்லாம் தடையாக இல்லை.

ஆற்றுக்கு அக்கரையில் அவனுக்கு டயர் கடை. காலையில் அங்கே டீ குடிக்கக் கூடுகிறவர்கள் அவனைச் சும்மா விடுவதில்லை.

"என்ன ஒமுர்சக், உன் வீட்டம்மா இன்னிக்கு எந்த மலையில ஒட்டுக்கேக்கறாங்க?"

"அட்பாஷி பக்கம்."

"அங்க என்ன கேக்குமாம்? ஆடு மேயற சத்தமா?"

"சாத்திபால்டி பேசறதத்தான் கேப்பாங்க. அந்த ஆளுக்குத்தான் வாயே மூடாதே."

"கதவுல பாதிப் பலகை இல்லையே, எப்படிய்யா மூடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒமுர்சக்கும் சிரித்தான். சிரித்துவிட்டு ஒரு டயரை எடுத்து வைத்துக்கொண்டு, பஞ்சரே இல்லாத டயரில் வெகுநேரம் பஞ்சர் தேடினான்.

குறி கேட்கவும் போனான். பீன்ஸ் விதைகளைத் துணியில் பரப்பிச் சொல்கிற ஒருத்தி இருக்கிறாள். "ஒரு வழி தெரியுது தம்பி. வழியில ஒரு ஆம்பளை தெரியறான்" என்றாள் அவள். வேனில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வழியும் டிரைவரும் தெரிவதற்கு விதை எதற்கு? அவற்றை வேகவைத்துத் தின்றிருந்தால் ஒருவேளைப் பசியாவது தீர்ந்திருக்கும். ஆனால் ஒமுர்சக் அந்த வார்த்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கையில் பக்கத்திலேயே போட்டுக்கொண்டான்.

ஊல்கான் சிரித்தால் அவனுக்குப் பிடிக்காது என்றில்லை. யாரோடு சிரிக்கிறாள் என்பதுதான் அவனை அரித்தது. பனி உருகத் தொடங்கிய ஒரு மாலை, வானிலை நிலையத்துப் பெகாயிமோடு அவள் போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பெகாயிம் ஒரு பெண் என்பதுகூட அவனுக்கு ஆறுதலாக இல்லை. போனை வைத்ததும் கேட்டான்.

"என்ன அப்படி ஒரு பேச்சு?"

அவன் கேட்டதே அவளுக்குச் சந்தோஷம். லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "ஆயிரத்து நானூறு மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு கொஞ்ச தூரத்துக்கு ஒரு எடம் இருக்கு. அதுல உலகத்துல யாரும் பேசக் கூடாது. டிவி, போன், ராணுவம், யாருமே. எல்லா நாடும் ஒத்துக்கிட்ட சட்டம்."

"யாரும் பேசாத எடத்துல உனக்கென்ன வேலை?"

"யாரும் பேசாம பாத்துக்கறதுதான்."

அவன் சிரித்துக்கொண்டே ரொட்டியை எடுக்க எழுந்தான். மீதியை அவள் அவன் முதுகிடம் சொன்னாள். "அங்க மண்ணு பேசும். ஈரமா இருந்தா ஒரு மாதிரி, காஞ்சு கெடந்தா ஒரு மாதிரி. ரொம்ப மெல்லிசா. மேல போற சாட்டிலைட் அதைத்தான் கேக்குது. பக்கத்துல ஒருத்தர் முணுமுணுத்தாலும் அது காதுல விழாது." முதுகு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒமுர்சக்கின் மனதில் தங்கியது ஒன்றுதான்: அங்கே யாரும் இல்லை.

அடுத்த வாரம் டயர் வாங்கத் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனான். வழக்கம்போல் இரண்டு இரவு தங்கினான். அவன் எங்கே தங்கினான், யாரோடு சாப்பிட்டான் என்று பார்க்க யாரும் எந்தக் கூரையிலும் எதையும் பொருத்தவில்லை. சந்தையில் ஒரு பழைய வயர்லெஸ் கேமராவைப் பிடித்தான்.

"இதுக்கு இன்டர்நெட்டே வேண்டாம் அண்ணே. ஒரு பக்கம் கேமரா, இன்னொரு பக்கம் டிவி. ஆறு குறுக்க இருந்தாலும் படம் வரும். டிவியப் போட்டா கேமராவும் முழிச்சுக்கும், அணைச்சா அதுவும் தூங்கிடும். அலைவரிசைய இந்தத் திருகாணியில மாத்திக்கலாம்" என்றான் கடைக்காரன்.

ஒமுர்சக் யோசித்தான். எந்த அலைவரிசையில் வைத்தாலும் அவள் காதில் விழுந்துவிடும். அது அவள் தொழில். ஒரே ஓர் இடம்தான் பாக்கி.

"ஆயிரத்து நானூறுக்கு மேல கொஞ்சம் தள்ளி வையி."

"அங்க யாருமே இல்லையே அண்ணே."

"அதான் வேணும்."

வீட்டுக் கூரை விளிம்புக்கு அடியில், வாசல் கேட்டைப் பார்க்கும்படி கேமராவைப் பொருத்தினான். கடையில் டயர் அடுக்குக்குப் பின்னால் சின்ன டிவி. ஊல்கான் வேனில் ஏறிப் போகிற நாட்களில் மட்டும் போடுவான். அவள் திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்ததும் அணைத்துவிடுவான். அவள் நடந்தே அலுவலகம் போகிற நாட்களில் அதற்கு வேலையே இல்லை.

டிவியில் என்ன தெரிந்தது? கேட் தெரிந்தது. பக்கத்து வீட்டு வாத்து தெரிந்தது. மாலையில் வேன் வந்து நிற்பதும், சாத்திபால்டி பையை எடுத்துக் கொடுப்பதும் தெரிந்தன. ஒருநாள் ஊல்கான் இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒமுர்சக் அந்த வாரம் முழுவதும் மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்தான். தன் வீட்டுக்குள் அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று அவனுக்கு நினைவு வரவில்லை.

பெகாயிமின் போன் அந்த வாரம்தான் வந்தது.

"அக்கா, நம்ம பள்ளத்தாக்கு மேல வரைபடத்துல ஒரு ஓட்டை விழுந்திருக்கு. சாட்டிலைட்டுக்கு மண்ணே தெரியல. யாரோ அந்த எடத்துல கத்தறாங்க."

"எந்த ஊருன்னு தெரியுதா?"

"அது எப்படித் தெரியும்? நரின்லேந்து அட்பாஷி வரைக்கும் ஒரே வெள்ளை. பனி உருகற நேரம்க்கா. சரிவு எவ்வளவு ஊறியிருக்குன்னு தெரியாம கீழ இருக்கறவங்கள எப்ப எழுப்பறது? கண்ணக் கட்டிக்கிட்டு எச்சரிக்கை சொல்லச் சொல்றீங்களா?"

ஊல்கான் கிளம்பினாள். கணவாய் தாண்டி அட்பாஷி, அதற்கும் மேலே ஆட்டுப்பட்டிகள், எல்லைச் சாலை. எங்கும் அந்த அலைவரிசை மௌனமாக இருந்தது. நடுவில் மலை நின்றால் எப்படிக் கேட்கும்? அலுவலக மாடியில் ஆன்டெனா வைத்து உட்கார்ந்த நாட்களிலும் மௌனம். அன்று அவள் வேனில் ஏறவில்லையே. மாலையில் இறக்கத்துக்கு முன்பே ஆன்டெனாவை மடக்கிக் கருவியை அணைத்துவிடுவது அவர்கள் வழக்கம். அதனால் தன் தெருவுக்குள் அவள் ஒருமுறைகூடக் காது திறந்து வந்ததில்லை.

பிஷ்கெக்கிலிருந்து மேலதிகாரி மெதெரோவ் கூப்பிட்டார். அவருக்கு ஊல்கான் மேல் பழைய எரிச்சல். வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்குத் தேர்வு வைத்தார்கள். அவர் தங்கை மகன் தேறவில்லை, இவள் தேறிவிட்டாள். அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு லிட்டர் டீசலும் அவர் கண்ணை உறுத்தியது.

"இந்த மாசத்துக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா வேனும் இங்க வந்துடும், போஸ்ட்டும் இங்க வந்துடும். நரின்ல அந்த வேலையே இருக்காது."

அந்தக் குளிரில் சுற்றியதில் ஊல்கான் காய்ச்சலில் படுத்தாள். படுத்த அன்றே ஓட்டை மூடிக்கொண்டது. பெகாயிம் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டாள். எழுந்து வேனில் ஏறிய அன்றே ஓட்டை மறுபடி திறந்தது.

மெதெரோவ் கெட்டிக்காரத்தனமாகச் சிரித்தார். "பாத்தியா? நீ போனா வருது, நீ படுத்தா போயிடுது. உன் வேன்தான் கத்துது. வீட்லயே இரு, பிரச்சினை தீந்துது."

அவள் மாற்றுக் கருவியை எடுத்துக்கொண்டு வேனைச் சுற்றிச் சுற்றி அளந்தாள். வேன் வாய் திறக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில், அவள் தட்டில் இறைச்சித் துண்டைத் தேடி வைத்துக்கொண்டே ஒமுர்சக் சொன்னான். "இன்னும் கொஞ்ச நாள் வெளிய போகாம வீட்லயே இரேன். அந்த ஓட்டை தானா சரியாயிடும்னு தோணுது."

ஊல்கான் மெல்லுவதை நிறுத்தினாள். ஒரே நாளில் இரண்டு ஆண்கள், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒரே மருந்தை எழுதிக் கொடுக்கிறார்கள்: நீ வீட்டிலேயே இரு. மெதெரோவ் எதற்குச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இவன் எதற்குச் சொல்கிறான்? நான் வேனில் ஏறுகிறேன் என்பது மலைக்குத் தெரியாது, ஆட்டுப்பட்டிக்குத் தெரியாது. நான் கிளம்பினால் இந்த ஊரில் யாருடைய பகல் மாறுகிறது?

தட்டில் இருந்த இறைச்சியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

காலையில் வழக்கம்போல வேன் வந்தது, வழக்கம்போல ஏறினாள். தெருமுனை திரும்பியதும், "நிறுத்துங்க அண்ணே" என்றாள்.

"என்ன தங்கச்சி, எதையாவது மறந்துட்டியா?"

"ஆமா. இந்தத் தெருவை மறந்துட்டேன். ஆன்டெனாவ ஏத்துங்க."

ஒமுர்சக் டயர் கடைக்குப் போய்ச் சேருகிற நேரம் ஆனதும், யாரும் பேசக் கூடாத அந்த இடம் அலறியது. ஆன்டெனாவைத் திருப்பத் திருப்ப, அவள் வீட்டுக் கூரைக்கு நேராக வந்தபோதுதான் அலறல் உச்சத்துக்குப் போனது. சாத்திபால்டி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு கேமரா தங்கச்சி. கேட்டைப் பாத்து வச்சிருக்கு." கன்னத்துத் தாடியைத் தடவினார். "எம் மேலயா சந்தேகம்?"

"உங்க மேலதான் அண்ணே."

அவர் வேன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "என் பொண்டாட்டி இருந்தப்பக்கூட எம் மேல யாரும் பொறாமைப்பட்டதில்ல" என்றார்.

பாலத்தைத் தாண்டிக் கடைக்குள் அவள் போனபோது டீ குடிக்கக் கூடுகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"அதை அணை" என்றாள்.

"எதை?"

"டயருக்குப் பின்னால இருக்கறதை."

ஒமுர்சக் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன் எட்டிப் பார்த்து, "அட, டிவி இருக்குய்யா. வாத்து ஓடுது" என்றான்.

"இத்தனை நாள் பாத்தியே, என்ன தெரிஞ்சுது?"

அவன் டயர் அடுக்குக்குப் பின்னால் கையை விட்டு டிவியை அணைத்தான். "ஒருநாள் வேன்லேந்து எறங்கறப்ப சிரிச்சே. குனிஞ்சு குனிஞ்சு சிரிச்சே. என்ன சொன்னான் அவன்?"

அவள் நினைவுபடுத்திப் பார்த்தாள். "அவர் பசு பக்கத்து வீட்டுக்காரரோட கால்சட்டையைத் தின்னுடுச்சு. அவர் கால்சட்டை இல்லாம துரத்தியிருக்காரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அது அவனை ஆற்றவில்லை. இன்னும் மோசமாகக் குத்தியது. "எங்கிட்ட நீ அப்படிச் சிரிச்சதே இல்ல."

"நீ எங்கிட்ட பசுவைப் பத்திப் பேசினதே இல்ல. எங்க போனே, யாரோட போனேன்னுதான் கேட்டிருக்கே."

"யாரும் இல்லாத எடம்னு நீதான சொன்னே. நான் யாரையும் தொந்தரவு பண்ணல."

"யாரும் பேசாத எடம்னு சொன்னேன். யாரும் இல்லாத எடம்னு சொல்லல. அங்க கேட்டுக்கிட்டிருக்காங்க. நீ பொண்டாட்டியப் பாக்கறதுக்காக ஒரு பள்ளத்தாக்கோட கண்ணையே அவிச்சிருக்கே."

டீ குடிக்க வந்தவர்கள் அன்று கோப்பையைக் காலி செய்யாமல் கலைந்தார்கள்.

மதியம் மெதெரோவ் கூப்பிட்டார். விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது. திடீரென்று அவர் குரலில் குடும்பப் பாசம். "புருஷன் பேரையெல்லாம் எழுதாதே. ஆள் தெரியல, தானா நின்னுடுச்சுன்னு எழுது. குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல."

ஆள் தெரியவில்லை என்று எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கண்டுபிடிக்கவில்லை என்று வேன் போகும், வேலை போகும். குடும்ப மானம் என்று எங்கள் ஊரில் சொல்வது எப்போதுமே இதுதான். தப்பு செய்கிறவன் ஒருவன், அதை மூடி வைக்கத் தன் சோற்றைக் கொடுக்க வேண்டியவள் இன்னொருத்தி.

மாலையில் ஒமுர்சக்கும் கேட்டான். கெஞ்சினான் என்றே சொல்லலாம். "எம்பேர எழுதினா ஊர் சிரிக்கும்."

"ஊர் ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. இத்தனை நாளா என்னைப் பாத்து."

எழுதினாள். பெயர், தெரு, கருவி, அலைவரிசை எல்லாம். கேமராவைப் பறிமுதல் செய்து, கையெழுத்துக்கு அறிக்கையை அவனிடமே நீட்டினாள். போட்டான். வேலை நரினிலேயே தங்கியது. மெதெரோவ் அதன்பிறகு டீசலைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

மூன்றாம் நாள் பெகாயிமின் குரல் பரபரத்தது. ஓட்டை மூடிவிட்டது. அட்பாஷிக்கு மேலே ஒரு சரிவு தண்ணீரில் ஊறி நிற்பது தெரிந்தது. கீழே இருந்த வீட்டுக்காரர்கள் ஆடுகளையும் படுக்கைகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்ப் பள்ளிக்கூடத்து வயர்லெஸ்ஸைச் சரிபார்த்துக் கொடுக்க ஊல்கான் கிளம்பினாள்.

ஒமுர்சக் அன்று கடை திறக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், கேமரா இருந்த இடத்துக்கு நேர் கீழே. சாத்திபால்டி வேனிலிருந்து தலை நீட்டினார். அன்று முகத்தை மழித்திருந்தார். அது ஒமுர்சக்கின் கண்ணில் படாமல் போகவில்லை.

"ஷேவிங்லாம் பண்ணியிருக்காரு" என்றான் ஊல்கானிடம், தாழ்ந்த குரலில்.

"நீதான் காரணம். பாவம், மனுஷனுக்கு ஆசை வந்துடுச்சு."

"எப்ப வருவே?"

"வேலை முடிஞ்சதும்."

"நான் இங்கயே நிப்பேன்."

"நில்லு. கண்ணால பாக்கறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று சொல்லி ஏறிக் கதவைச் சாத்தினாள். தெருமுனை திரும்பியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் தன் தெருவிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடுகிறாள்.