வாய் மட்டும் பாக்கி

நாற்பது வயதுக்கு மேல் நான் பென்சில் பிடித்தது கலை ஆர்வத்தால் அல்ல, வீட்டை விட்டு வெளியே போக வழியில்லாததால். என் கணவர் சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்து திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்கும் வேன் டிரைவர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று தெரிந்ததும் முதலில் வேன் போனது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அன்றைக்கு முழுக்க ஆஸ்பத்திரி, மறுநாள் முழுக்க அவர் படுக்கை. ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த எனக்கு லீவு சொல்லிச் சொல்லி வாயே கூசியது. முதலாளி நல்ல மனிதர்தான். "நீ வீட்டப் பாரும்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தையல் தெரிந்திருந்தால் தைத்திருப்பேன். என் சமையலைக் காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். போனில் ஒரு வீடியோ வந்தது, வீட்டிலிருந்தே படம் வரைந்து கூடுதல் வருமானம் என்று. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, விரலெல்லாம் நகப்பூச்சு, "சிஸ்டர்ஸ், யாரும் பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தாள். இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் அன்றைக்குப் பயப்படாதே என்று சொல்ல வேறு யாரும் இல்லாததால் உட்கார்ந்து பார்த்தேன்.

போட்டோவின் மேல் கட்டம் போட வேண்டும், தாளிலும் அதே கட்டம், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைய வேண்டும். முதலில் புனித அந்தோணியார் படத்தை வைத்துப் பழகினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அவர் கையிலிருந்த குழந்தை இயேசு அவரைவிட வயதானவராக வந்தார். பென்சில் சரியில்லை என்றேன், தாள் சரியில்லை என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கட்டிலிலிருந்து என் கணவர் சொன்னார். அன்றைக்கு அவருக்குக் கேலி பேசத் தெம்பு இருந்தது. அதற்காகவே இன்னும் நாலு படம் கோணலாக வரையலாம் போலிருந்தது.

ஆனால் விடாமல் வரைந்தால் கை படிந்துவிடுகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியால் நிழலைத் தேய்க்கக் கற்றேன். கண்மணியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியை விட்டுவைத்தால்தான் முகத்துக்கு உயிர் வரும் என்பது கோயம்புத்தூர்ப் பெண் சொன்னது. வரைந்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். எங்கள் கோயில் பக்கத்து டீச்சர் ஒருவர் இறந்துபோன தன் அப்பாவின் வருடத் திருப்பலிக்கு ஒரு படம் கேட்டார். அதைப் பார்த்துப் பேகம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், தன் வாத்தியார் இறந்துபோனதாகச் சொல்லி, பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க ஒரு படம் கேட்டார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் இறந்தவர்கள்தான்.

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவருக்கு எல்லாம் கலர். பிறந்தநாள் என்றால் கூலிங்கிளாஸ் போட்டு ஃப்ளெக்ஸ். கறுப்பு வெள்ளையில் வரைந்து சட்டம் போட்டு மாட்டினால் அவர் போய்விட்டார் என்று அர்த்தம். இதை யோசிக்காமல் பக்கத்து வீட்டுக்காரியிடம், "உம் மகள வரைஞ்சு தரட்டுமா, சும்மா" என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. "ஏங்க்கா, அவ நல்லாத்தான இருக்கா?" என்றாள்.

வருகிற போட்டோக்களும் அப்படித்தான். ஆதார் அட்டையில் இருப்பது, கல்யாணக் கூட்டத்தில் கடைசி வரிசையில் பாதி முகம் தெரிவது. யாரும் அந்த முகத்தை அப்படியே கேட்க மாட்டார்கள். மருவை எடுத்துவிடுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுவிடுங்கள் என்பார்கள். கடைசியில் எல்லோரும் ஒன்று கேட்பார்கள்: "கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டுருங்க." உதட்டு ஓரத்தை ஒரு நூல் தூக்கினால் போதும். எப்பேர்ப்பட்ட வலியில் செத்தவரும் நிம்மதியாகப் போனவர் ஆகிவிடுவார். வாங்கிப்போகிறவர்கள் படத்தைப் பார்த்து அழுதுகொண்டே நன்றி சொல்வார்கள். அந்தச் சிரிப்பைப் போடுவதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன்.

வீட்டுக்குள் அந்தக் கெட்டிக்காரத்தனம் எதற்கும் ஆகவில்லை. அவர் குடிக்கும் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். அளவு மீறினால் மூச்சு முட்டும். நான் தண்ணீர்க் குடத்தைப் படுக்கையறையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் வைத்திருந்தேன். நான் முகம் கழுவும் சத்தத்தைக்கூட அவர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். வாழைப்பழமும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் மலைவாழைத் தார் சுமந்த மனிதர்! இதற்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? சண்டை பிடிக்க ஆளில்லாத கோபம் இருக்கிறதே, அதைப் போல உடம்பைத் தின்பது வேறில்லை.

போட்டோவைப் பார்க்காமல் நேரில் பார்த்து வரையப் பழகுங்கள் என்று ஒரு பாடம் வந்தது. நேரில் அசையாமல் இருக்கிற ஆளுக்கு நான் எங்கே போவேன்? டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அவர் அடித்துப்போட்டது போல் தூங்குவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அவரை வரைந்தேன். கன்னத்தில் விழுந்திருந்த குழி, ஒட்டிப்போன நெற்றிப்பொட்டு, மூடிய கண்கள். அதுவரை நான் வரைந்ததில் அதுதான் சுத்தமான படம். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பென்சில் கலையாமல் இருக்க மேலே ஹேர் ஸ்ப்ரே அடித்துக் காயவிட வேண்டும். கை படாத இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான், முன்னறையில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே உள்ள பலகை. அங்கே என் மாமியார் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அன்றைக்குப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆகவே அவர் எழுந்து வந்தால் தடுக்கி விழாமல் இருக்க, வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அதே பலகையில் வைத்துவிட்டு, பின்பக்கம் துணி துவைக்கப் போனேன்.

என் மதினி, அவருடைய அக்கா, நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எப்போதும் சொல்லாமல்தான் வருவார். கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றவர் கண்ணில் பட்டது தம்பியின் மூடிய கண், பக்கத்தில் செத்துப்போன அம்மா, முன்னால் எரிகிற மெழுகுவர்த்தி. எங்கள் ஊரில் அதை வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

"என்னப் பெத்த அப்பு! எனக்கு முன்ன போயிட்டியே!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான் சோப்புக் கையோடு ஓடிவந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பையிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வெளியே விழுந்து கிடந்தது. "போன தடவ எங்கிட்ட ஒரு சொம்பு தண்ணி கேட்டியேய்யா, இந்தப் பாவி குடுக்கலியே! ஒரு வாய்த் தண்ணி குடுக்கலியே!"

"மதினி, மதினி, அவரு உள்ளதான் இருக்காரு" என்று நான் கத்துவது அவர் காதில் விழவில்லை. உள்ளேயிருந்து வந்த குரல்தான் விழுந்தது.

"அக்கா, நான் இருக்கேன். அழுவாத."

தெருக்காரர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. மதினி எழுந்து உள்ளே ஓடித் தம்பியின் கால்களைக் கட்டிக்கொண்டு, முன்னைவிட அதிகமாக அழுதார். அவர் அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். தன் சாவுக்கு வீட்டில் என்ன சொல்லி அழுவார்கள் என்பதைக் காதால் கேட்டுவிட்ட மனிதரின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

செத்த நேரம் கழித்து அவரே கேலியாக, "இம்புட்டு அழுதியே, இப்பவாச்சும் ஒரு சொம்பு தண்ணி குடேன்" என்றார். மதினி என் முகத்தைப் பார்த்தார். நான் அளவு டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தேன். அன்றைய கணக்கில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. மதினி அதை அவர் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

மதினி ஊருக்குப் போன பிறகு என் கணவர் அந்தப் படத்தை எடுத்துவரச் சொன்னார். கிழித்துவிடலாம் என்று நான் எடுத்து ஒளித்துவைத்திருந்தேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"கண்ண மூடி இருக்குல்ல, அதான் அவ பயந்துட்டா. தெறந்து வரை."

"உசுரோட இருக்கறவங்கள வரைய வேணாம்ங்க" என்றேன்.

"நீ வரை. பின்னாடி யாரோ ஒருத்தன் ஆதார் அட்டையப் பாத்து வரையறதுக்கு, என்னத் தெரிஞ்ச நீ வரையலாம்ல?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று புதுத் தாள் எடுத்தேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார். கட்டமில்லாமல் வரைந்தேன். கண்மணியில் வெள்ளைப் புள்ளி விட்டேன். உயிர் வந்தது. அந்த உயிரோடு கூடவே அவர் என்னிடம் இத்தனை மாதமாக வாய்விட்டுச் சொல்லாத பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அழித்துப் பார்த்தேன், திரும்ப வரைந்தேன். மறுபடியும் அதேதான் வந்தது.

வாய்க்கு வந்தபோது அவர் கேட்டார். "கஸ்டமருக்கெல்லாம் போடுவியே, அந்தச் சிரிப்பப் போட்டு விடு. நல்லாருக்கும்."

என் கை நின்றுவிட்டது. கை வலிக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லித் தாளைச் சுருட்டிப் பீரோவின் மேல் வைத்தேன்.

வெளி ஆர்டரை இப்போதெல்லாம் சீக்கிரமே முடித்துவிடுகிறேன். பழனியிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும்கூட போட்டோ அனுப்புகிறார்கள், எல்லோருக்கும் அந்தச் சிரிப்பைப் போட்டுக் கொடுக்கிறேன். வருகிற பணம் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது. வாயை வரையாமல் விட்டால் வருவது வராமல் நின்றுவிடுமா? நின்றுவிடாது என்று எனக்குத் தெரியும், நான் படித்தவள்தான். ஆனால் என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்றால் நான் என்ன செய்யட்டும்?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் கேட்பார்.

"முடிச்சிட்டியா?"

"எங்க நேரம் இருக்கு, ஆர்டர் வேல நெறைய கெடக்கு" என்பேன்.

"சரி, மெதுவாப் போடு" என்பார்.