சுவரில் ஒரு தடித்த திட்டு

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில், கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து பெயின்ட் அடிப்பவர். மழை பெய்தால் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாதச் சம்பளக்காரி. போன மாதம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தாள். சம்பளம் குறையவே இல்லை.

"மகாராணி! படுத்துக்கிட்டே சம்பாதிக்கிறீங்க," என்றார் மாமா.

"நீங்களும் வாங்களேன். ரத்தக்கறைத் துணி மலை மாதிரி கிடக்கு."

மாமா சிரித்தார். அவருக்கு இரண்டு வாரமாகத் தலை சுற்றுகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சமையலறைச் சுவரைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்துவிட்டேன்.

"அக்காகிட்ட மூச்சு விடாதே. மேஸ்திரி காதுக்குப் போனா என்னைக் கழட்டி விட்டுருவார். தலை சுத்துறவனை எவன் கயித்துல ஏத்துவான்?"

பள்ளி முடித்துச் சும்மா இருக்கும் நான்தான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அன்று போனபோது மாமா மூன்றாம் மாடி உயரத்தில் இருந்தார். நெற்றி சுவரில் சாய்ந்திருந்தது. கை மட்டும் ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்வந்தது. கை நின்றால் கீழிருந்து மேஸ்திரி சத்தம் போடுவார். அதற்காகவே அந்தக் கை நிற்காமல் ஓடியது. பெயின்ட் தடித்துத் திட்டாகி வழிந்தது.

"என்னய்யா, அந்த இடத்துக்கு மட்டும் அவ்வளவு தாகமா?" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். பலகை லேசாகச் சாய்ந்தது.

கத்தினால் வேலை போய்விடும். கத்தாவிட்டால்?

"அண்ணே, அவருக்குத் தலை சுத்துது! இறக்குங்க!"

மொட்டைமாடியில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் பலகையை மெதுவாக இறக்கினார்கள். தரையில் கால் பட்டதும் மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

"உடம்பைப் பாருய்யா. தரையில நின்னு செய்யுற வேலை வந்தா நானே போன் பண்ணிக் கூப்பிடுறேன்."

மாமாவின் பாதுகாப்பு பெல்ட்டை அவர் எதிரிலேயே இன்னொருவர் மாட்டிக்கொண்டு மேலே போனார்.

பதினோரு நாள் ஆகிவிட்டது. அன்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. தினமும் காலையில் பெயின்ட் கறை படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

இன்று போன் அடித்தது. மூன்று பேரும் எழுந்துவிட்டோம். மாமாதான் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"உனக்குத்தான். சலவைக்கூடத்துல சீக்கிரம் வரச் சொல்றாங்க," என்று அக்காவிடம் நீட்டினார்.

பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.