ஒருவர் தூங்கினார்

டீச்சர் என்றுதான் ஆபீஸில் எல்லோரும் கூப்பிட்டோம். உண்மையில் அவர் டீச்சர் இல்லை. ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் ஒப்பந்த வேலையாக வரலாறு நடத்தியவர். அடுத்த வருடம் நிரந்தரம், அடுத்த வருடம் நிரந்தரம் என்று இழுத்துக்கொண்டே வந்தவர்கள், பத்தாவது வருடம் வரலாற்றுத் துறைக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள். படிக்க ஆள் வரவில்லையாம். வழியனுப்பும் கூட்டத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். "அதுலயும் முள்ளு நகரல தம்பி, நிரந்தரமா பத்தேகால்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார். வாஷிங் மெஷின் வைத்திருந்த பின்னறைதான் அவருடையது. அண்ணி துணி போட்டுவிட்டால் மேஜை ஆடும், அது முடிகிறவரை எழுத முடியாது.

எங்கள் ஆபீஸ் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. உலகத்து விசித்திரங்களைத் தினம் ஐந்து வீதம் போடும் இணையப் பக்கம் அது. குதிரைக்குப் பதவி கொடுக்க நினைத்த ராஜா, தேர்தலில் நின்ற பூனை, நேற்று வைரலான மனிதர் இன்று என்ன ஆனார் என்று எதுவும் போகும். ஓனர் டீச்சரைவிடப் பத்து வயது சின்னவர். நான் டிசைனர். படம் தேடி, எழுத்தை அதன்மேல் ஏற்றுவது என் வேலை.

வந்த புதிதில் டீச்சர் எழுதியது ஒன்றும் எடுபடவில்லை. ஓனர் கூப்பிட்டுச் சொன்னார்.

"மேடம், படிக்கிறவன் கட்டைவிரல் ஓடிக்கிட்டே இருக்கும். உங்க முதல் வரியில அது நிக்கணும். நிக்கலைன்னா நீங்க எவ்ளோ உண்மை எழுதினாலும் குப்பைதான்."

வேறு யாராவது என்றால் முகம் தொங்கியிருக்கும். டீச்சர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அவர் முதல் வரி எழுதினால் விரல் என்ன, ஆளே நின்றுவிடுவான். நல்ல வரி ஒன்று விழுந்துவிட்டால் என் பக்கம் திரும்பிச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். கன்னம் சிவந்துபோகும். அதே சமயம், இரண்டு புத்தகத்திலோ ஒரு ஆவணத்திலோ பார்க்காத எதையும் எழுத மாட்டார். அந்தப் பிடிவாதத்தை ஓனர் கேலி செய்தாலும், பக்கத்துக்குப் பேர் கிடைத்ததால் விட்டுவைத்தார்.

எங்கள் ஊரில் யாராவது உட்கார்ந்தபடி கண் அசந்தால், "என்ன, கேட் கீப்பர் வேலையா?" என்பார்கள். நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. டீச்சர் யோசித்தார்.

அப்போதைக்கு அறுபத்துநாலு வருடங்களுக்கு முன்னால், ஊருக்கு வெளியே இருந்த ரயில்வே கேட்டில், பனிமூட்டமான ஒரு காலையில் பள்ளிக்கூட பஸ்மேல் ரயில் மோதியது. முப்பத்தொரு பிள்ளைகள் இறந்தார்கள். கேட் திறந்து கிடந்தது. கேட் கீப்பர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சிறையில் போட்டார்கள், பதினாலாவது மாதம் அங்கேயே செத்துப்போனார். ஊருக்கு இவ்வளவுதான் தெரியும்.

ஆவணக் காப்பகத்தில் வேறெதையோ தேடப்போன டீச்சர் கையில் அந்த விசாரணைக் கோப்பு சிக்கியது. அதில், விபத்துக்கு முந்தைய பதினோரு நாளில் கேட் கீப்பர் எழுதிய மூன்று கடிதங்கள் இருந்தன. ரயில் வருவதை ஸ்டேஷனிலிருந்து சொல்லும் போன் வேலை செய்யவில்லை, ஆள் அனுப்புங்கள் என்று மூன்றிலும் ஒரே வேண்டுகோள். மூன்றிலும் ‘பெறப்பட்டது’ என்ற முத்திரை, தேதியோடு. விபத்து நடந்தபோது அவர் தொடர்ந்து பத்தொன்பது மணி நேரம் வேலையில் இருந்திருக்கிறார். மாற்று ஆள் வரவேயில்லை. இத்தனையும் கோப்பிலேயே இருந்தும், தீர்ப்பில் ஒரு சொல்கூட இல்லை.

கேட் கீப்பரின் மனைவி அனுப்பிய கருணை மனு ஒன்றும் அதில் இருந்தது. ஒன்பது வயது மகளின் பெயரை அதில் எழுதியிருந்தார். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, ரயில்வே குடியிருப்பு, நர்சிங் பள்ளி, ஓய்வூதிய அலுவலகம் என்று டீச்சர் இரண்டு மாதம் அலைந்தார். கடைசியில் ஊரின் மறுகோடியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அந்த மகளைக் கண்டுபிடித்தார். எழுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்தில் யாருக்கு ஊசி போடவேண்டுமென்றாலும் அவர்தான். கீழ்வீட்டுக்காரருக்குத் தினமும் காலையில் இன்சுலின் போடுவார். காசு வாங்கமாட்டார். அப்பா யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

முதல் இரண்டு தடவை நர்ஸம்மா கதவைச் சங்கிலியோடு வைத்தே பேசினாராம். மூன்றாம் தடவை டீச்சர் அந்தக் கடிதங்களின் நகலைக் கதவிடுக்கு வழியாக நீட்டினார். நர்ஸம்மா அதை வாங்கி, கையெழுத்தைப் பார்த்துவிட்டு, சங்கிலியை எடுத்தார்.

"அப்பா தூங்கினது நிஜம்தான்" என்றாராம். "தூங்கலைன்னு எழுதாதீங்க. ஏன் தூங்கினார்னு எழுதுங்க. அது போதும்."

நாலாவது தடவை ஒரு படம் கொடுத்தார். கேட் அருகே சீருடையில் அப்பா, பக்கத்தில் சிறுமியாக அவர். நர்ஸம்மாவின் இடது கன்னத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு மச்சம் உண்டு. படத்திலும் தெளிவாகத் தெரிந்தது.

"என் பாதிய வெட்டிடுங்க. அப்பா மட்டும் இருக்கட்டும்."

"கண்டிப்பாம்மா. நான் பொறுப்பு" என்றிருக்கிறார் டீச்சர்.

அறுநூறு வார்த்தை எழுதினார். முதல் வரியை எனக்குப் படித்துக் காட்டினார்: ‘ஒருவர் தூங்கினார். முப்பத்தொரு குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை.’ எனக்கு உடம்பு சிலிர்த்தது. "இப்படி ஆரம்பிச்சாதான் உள்ள வருவாங்க தம்பி. வந்தப்புறம் ஒவ்வொண்ணா திருப்பிப் போடுவேன்" என்றார். கன்னம் சிவந்திருந்தது.

விபத்து நடந்த தேதியில் வெளியிடுவதாகத் திட்டம். அன்றைக்குப் பார்த்து அண்ணிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தார். காலை பத்து மணிக்கு ஓனர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எவ்ளோ நீளம் இது! யார் படிப்பா? முதல் வரி, ஆளோட பேரு, சாவு எண்ணிக்கை, அவ்ளோதான். மீதிய ரெண்டாம் பாகமா அப்புறம் போட்டுக்கலாம்."

கடைசியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: ‘தண்டனை எவ்வளவு தெரியுமா? வெறும் இரண்டு வருடம்!’

"படத்துல பாதிய வெட்டணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றேன்.

"சின்னக் குழந்தை இருந்தா எல்லாரும் நின்னு பார்ப்பாங்கய்யா. அப்படியே விடு."

விட்டேன். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னார், செய்தேன். டீச்சருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இரண்டு நாளில் பதினாலு லட்சம். எங்கள் பக்கத்தின் வாழ்நாளிலேயே அதுதான் உச்சம். ஓனர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். தூங்குமூஞ்சி, குடிகாரன், கொலைகாரன் என்று கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். குடித்திருந்தார் என்று நாங்கள் எங்குமே சொல்லவில்லை. அதை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அறுபது எழுபது பக்கங்கள் அதைத் திருடித் தங்கள் பெயரில் போட்டன.

பதிவு போட்ட மறுநாளே டீச்சர் வந்தார். நேராக ஓனர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"எடுத்துடுங்க. இப்பவே எடுத்துடுங்க."

"ஏன் மேடம்? அவர் தூங்கினாரா இல்லையா?"

"தூங்கினார்."

"முப்பத்தொண்ணு சரியா?"

"சரி."

"அப்புறம் எதை நாங்க பொய்யா போட்டோம்? உங்க வரிதானே அது! உங்களுக்குத்தான் நான் கைகொடுக்கணும்."

டீச்சர் வெளியே வந்து, என் திரையில் இருந்த அந்த முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

அவர் விடாமல் நச்சரித்ததில் மூன்றாம் நாள் ‘இரண்டாம் பாகம்’ போட்டோம். மூன்று கடிதம், முத்திரை, பத்தொன்பது மணி நேரம் எல்லாம் இருந்தது. நாலாயிரம் பேர் பார்த்தார்கள். ‘கொலைகாரனுக்கு வக்காலத்தா, எவ்வளவு வாங்கினீங்க?’ என்பதுதான் அதில் அதிகம் பேர் கைதட்டிய பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரை என் வண்டியில் நர்ஸம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை கதவில் சங்கிலி இல்லை. உள்ளே மேஜைமேல் ஊசி டப்பா, பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில் எல்லாம் வரிசையாக இருந்தன.

"ஆறு நாளா யாரும் வரல" என்றார் நர்ஸம்மா. "மச்சத்தப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. கீழ்வீட்டுக்காரர் இப்ப மூணு தெரு தள்ளிப் போய் ஊசி போட்டுக்கிறார்."

"நான் போய் அவர்கிட்ட பேசறேம்மா" என்றார் டீச்சர்.

"என்ன பேசுவீங்க? அவரோட அத்தை அந்த பஸ்ல இருந்திருக்கு. ஏழு வயசு. எனக்கே இப்பத்தான் தெரியும். பன்னெண்டு வருஷமா அந்த மனுஷன் கைய நான் பிடிச்சிருக்கேன். அவர்கிட்ட போய் போன் வேலை செய்யலன்னு சொல்லுவீங்களா?"

நர்ஸம்மா தன் போனை எடுத்து அந்தப் பதிவைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்த முதல் வரி யார் எழுதினது?"

டீச்சர் ஓனரைச் சொல்லியிருக்கலாம். படம் வெட்டாதது நான் என்று காட்டிக்கொடுத்திருக்கலாம். நானும் வாயைத் திறக்கவில்லை.

"நான்தாம்மா."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் நர்ஸம்மா. குரலில் கோபமே இல்லை. "ஒரு தடவ படிச்சா மறக்கவே மறக்காது. இத்தன வருஷம் அவர் வெறும் கேட் கீப்பர். பேரும் கிடையாது, மூஞ்சியும் கிடையாது. திட்டறவங்களுக்குக்கூட யாரைத் திட்டறோம்னு தெரியாது. இப்ப தெரியும்."

டீச்சர் பையிலிருந்து அசல் படத்தை எடுத்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவரை நர்ஸம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும். இனிமே இதுல எதுவும் செய்யாதீங்க. நல்லதுகூட செய்யாதீங்க."

படியிறங்கும்போது டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

போலீஸுக்குப் போவேன் என்று டீச்சர் மிரட்டியபிறகுதான் ஓனர் பதிவை எடுத்தார். அதற்குள் அதன் பிரதிகள் எங்கெங்கோ போய்விட்டன. டீச்சர் வேலையை விட்டார். "நல்ல கை. சென்டிமென்ட் பார்த்தே கெட்டாங்க" என்றார் ஓனர். டீச்சர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இப்போது ஒரு மென்பொருள் தினம் ஐந்து விசித்திரம் எழுதித் தருகிறது. எழுத்துப்பிழை மட்டும் நான் பார்க்கிறேன். உண்மையா என்று பார்க்க ஆள் கிடையாது. இரண்டு மாதத்தில் நர்ஸம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

டீச்சர் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில், பழைய நோயாளிகளின் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். அந்தப் படம் திரும்ப எங்காவது வந்தால், கீழே கோப்பு எண்ணையும் முத்திரை போட்ட கடிதங்களையும் போடுவார். சிலர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். பல பக்கங்கள் அவரைத் தடை செய்துவிட்டன. போன வருடம் ரயில்வே துறைக்கு ஒரு மனு அனுப்பினார். விசாரணை முடிவில் அந்த மூன்று கடிதங்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்று. ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. பரிசீலிக்கலாம், ஆனால் சட்டப்படியான வாரிசு கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். கூடவே ஒரு படிவம்.

போன வாரம் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடிக்கும்போது அதை எனக்குக் காட்டினார். எல்லாக் கட்டத்தையும் அவரே நிரப்பிவிட்டிருந்தார். தேதிகள், எண்கள், இணைப்புகள், ஒன்று விடாமல். வாரிசின் கையெழுத்து மட்டும் காலி.

"அந்தம்மா விலாசம் தேடிக் கண்டுபிடிக்கலாம் டீச்சர். ஒரு தடவ கேட்டுப் பார்ப்போமே. நானும் வரேன்" என்றேன்.

"விலாசம் இருக்கு தம்பி" என்றார். "கமெண்ட், மனு எல்லாம் வெறும் எழுத்துதானேன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அவங்க கதவத் தட்டறது அப்படி இல்ல. எதுவும் செய்யாதீங்கன்னு சொன்னாங்க. நல்லதுகூட."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மதிய வேலைக்கு நேரமாகியிருந்தது. டீயில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.