மரச் சுத்தியலால் மணியடிக்கிற பள்ளிக்கூடம்

போன ஆடி மாதம் நான் சிவகாசிக்குப் போனது காலண்டருக்காக. தஞ்சாவூரில் என் தம்பி ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். "ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிறாயே, ஒரு வேலைக்காவது உபயோகப்படு" என்று அனுப்பிவிட்டான். அச்சகத்தில் மாதிரி மறுநாள்தான் தயாராகும் என்றார்கள். லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாத காரியம். என்னோடு கல்லூரியில் படித்த ஜெயந்தி, பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. "எங்க ஸ்கூல மூடப் பாக்காகடி, வந்து பாத்து ரெண்டு வரி எழுது" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். சரி, போவோம் என்று கிளம்பினேன்.

மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்கள் விருதுநகரில் இறங்கி, ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் பேருந்தைப் பிடிக்கலாம். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நான் சிவகாசியிலிருந்தே ஆட்டோ எடுத்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய். ஓட்டுநர் காதர் பாய் எண்ணூறில் ஆரம்பித்தார், நான் நானூறில் ஆரம்பித்தேன், நடுவில் சந்தித்துக்கொண்டோம்.

ஊர் எல்லை தாண்டினால் கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுநடுவே சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் தனியாக, நாலு பக்கமும் வாசல் வைத்து, அடுத்ததை விட்டு நன்றாகத் தள்ளி நின்றது. பட்டாசுக்கு மருந்து அடைக்கிற செட்டுகள். ஒன்றாகச் சேர்த்துக் கட்டாமல் ஏன் ஆளுக்கொரு மூலையில் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணு போனா அது ஒண்ணோட போகட்டும்னுதான்க்கா" என்றார் காதர் பாய், திரும்பிப் பார்க்காமல்.

கிராமம் வந்ததும் அவர் இஞ்சினை அணைத்து, சரிவில் ஆட்டோவைத் தானாக உருளவிட்டார். "இந்த ஊர்ல ஆர்ன் அடிக்கப்படாதுக்கா. கதவக்கூட அறைஞ்சு சாத்த மாட்டாக. முந்தி ஒரு தடவ இங்கன ஒரு சத்தம் ஆயிப்போச்சு, பாத்துக்கிடுங்க." அவர் சொன்ன 'சத்தம்' எனக்கு முதலில் புரியவில்லை. விபத்து என்ற சொல்லை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. சத்தம் என்றால் அதுதான். அதனால் மற்ற எதற்கும் அந்தச் சொல்லை எடுக்கமாட்டார்கள்.

ஒன்பதரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்றேன். ஆடு நுழையாதபடி வாசல் படலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர், கூட்டிப் பெருக்கிய முற்றம், ஒரு ஈ காக்கை இல்லை. மூடியே விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறை நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தொடக்கப்பள்ளி என்றால் சந்தைக்கடை மாதிரி இருக்கும், நமக்குத் தெரியும். இங்கே பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குகிறார்கள். பெஞ்சை இழுப்பதில்லை, இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்துகிறார்கள். சிலேட்டைத் தரையில் வைக்கும்போது முதலில் விரலை வைத்து, அப்புறம் விரலை உருவுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லையாம். மருந்து செட்டில் அம்மாமார்கள் அப்படித்தான் எதையும் வைப்பார்கள், வீட்டிலும் அந்தக் கை அப்படியே வந்துவிடுகிறது. என் எவர்சில்வர் பாட்டில் கை நழுவி விழுந்தது. அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. பயம் இல்லை, கோபம் இல்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று காத்திருந்தன.

வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. அதுதான் பள்ளி மணி. ஆனால் அடிப்பது மரச் சுத்தியலால், பானையைத் தட்டினமாதிரி 'டொக்' என்று கேட்கும். செட்டுகளில் இரும்போடு இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்பதால் இந்த ஊர்க் காதுக்கு அந்த ஓசையே ஆகாது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சத்தம் ஆனால், பள்ளிச் சமையலறையில் மாட்டியிருக்கும் இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் அடிக்க வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே ஓடி, பள்ளி முற்றத்துக்கு வந்துவிட வேண்டும்.

"அதை ஒரே தடவதான் அடிச்சிருக்கு" என்றாள் ஜெயந்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அவ வீட்டுக்காரருக்கு."

அங்கே காலை உணவு சமைக்கும் பாண்டிச்செல்வி, கிச்சடிச் சட்டியை மரக்கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீகளா அக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டை நீட்டினாள். அவள் மகள் மாரி மூன்றாம் வகுப்பு. பிள்ளைகள் குறைவு என்று பள்ளியை மூடி, இருப்பவர்களை நாற்கரச் சாலை ஓரத்துப் பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதும், பாண்டிச்செல்விதான் வீடு வீடாகப் போய், தனியார் பள்ளி வேனில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை இறக்கிக் கூட்டி வந்தாள். ஊரே சேர்ந்து பள்ளிக்குக் கல்விச்சீர் எடுத்தது. பீரோ, மின்விசிறி, பாய், தாம்பாளத்தில் நோட்டுப் புத்தகம் என்று தெருவழியாக ஊர்வலம் போகிற படத்தை ஜெயந்தி காட்டினாள். மேளம் இல்லை, வேட்டு இல்லை. பட்டாசு செய்கிற ஊர் வாயைத் திறக்காமல் சீர் கொண்டுபோகிறது.

"பூட்டுனா எம்மக லாரி போற ரோட்டுல போகணும். நான் அனுப்ப மாட்டேன்" என்றாள் பாண்டிச்செல்வி. "இந்தச் சமையல் வேலையும் போயி நான் செட்டுக்குப் போனா, எம்பின்னாடி அவளும் அங்கதான் வருவா. அவுக அப்பா போன எடத்துக்கு இவளும் வரணுமாக்கா?"

அன்றைக்குத்தான் கல்வி அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல். பள்ளி நடக்கிறதா, பிள்ளைகள் நிஜமாகவே வருகிறார்களா என்று பார்த்து எழுதிக்கொடுத்தால், அதை வைத்துத்தான் முடிவு. ஜெயந்தி பிள்ளைகளிடம், "ஆபீசர் வாராக, அசையாம உக்காந்திருக்கணும்" என்று சொல்லி வெயிலுக்குக் கதவையும் ஒருக்களித்து வைத்தாள். ஏற்கெனவே வாய் இல்லாத பிள்ளைகள். இப்போது மூச்சு விடுகிறார்களா என்றே தெரியவில்லை.

அந்த நேரம் எங்கோ தூரத்தில் 'தொம்' என்றது. எல்லாப் பென்சிலும் ஒன்றாக நின்றது. எல்லாத் தலையும் மேற்கே திரும்பியது. நான் எழுந்துவிட்டேன். கடைசி வரிசையில் மாரி கண்ணை மூடிக்கொண்டு, "குவாரி" என்றாள். பென்சில்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. எட்டு வயதுப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய பாடமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சற்று நேரத்தில் காதர் பாய் படலைத் தாண்டி உள்ளே ஓடி வந்தார். "டீச்சர், ஜீப்பு வந்துட்டுத் திரும்பிருச்சு! 'ஒரு சத்தத்தையும் காணோம், பூட்டிட்டாங்க போல'ன்னு சொல்லிட்டு, நான் கையக் காட்டக் காட்டப் போறாங்க!"

ஜெயந்தி வாசலுக்கு ஓடினாள். ஜீப் செட்டுகளை ஒட்டிய மண்பாதையில் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தது. போன் போட்டாள், சிக்னல் இல்லை. பிள்ளைகளைப் பார்த்து, "ஒரக்கக் கத்துங்க பிள்ளைகளா, கத்துங்க!" என்றாள். அவர்கள் வாயைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள், அதையும் முகத்தைப் பொத்திக்கொண்டுதான்.

பாண்டிச்செல்வி சமையலறைக்குள் போனாள். கம்பியோடு வெளியே வந்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று ஜெயந்திக்கு என்னைவிட முன்னால் புரிந்தது. "செல்வி, வேண்டாம்!" என்பதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

அந்த ஓசை என் பல்லில் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்.

பிறகு காட்டின் நாலு பக்கமும் செட்டு வாசல்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். யாரும் அலறவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. செருப்பில்லாத கால்கள் கரிசலில் ஓடி வருவது மட்டும் கேட்டது. அலுமினியப் பொடி அப்பி, முகமும் கையும் வெள்ளியாக மின்னின. ஜீப்பின் முன்னும் பின்னும் அவர்கள் ஓடியதால் அது நின்றது. அதிகாரி இறங்கி, என்ன ஏது என்று கேட்டுப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் அவர்கள் பின்னாலேயே நடந்து வந்தார்.

அடி கேட்டுப் பிள்ளைகளும் முற்றத்துக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள். தொடவில்லை. மருந்துக் கையால் பிள்ளையைத் தொடக்கூடாது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள், திரும்பவும் பார்த்தார்கள். பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அதிகாரி வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது ஜெயந்தியிடம், "மூடச் சொல்லி எழுதமாட்டேன்ம்மா" என்றார். நல்ல மனிதர்தான்.

அவர் போனதும் ஒரு பெண் பாண்டிச்செல்வியின் முன்னால் வந்து நின்றாள். "எங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்ட்டி. அதையும் பொய்யாக்கிட்டியே" என்றாள். பாண்டிச்செல்வி கம்பியைப் பிடித்தபடி அழுதாள். எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடியில் வெயிலும் காற்றும் கடுமை, தண்ணீர் கையில் இருக்கட்டும். செட்டுகள் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், அனுமதியும் கிடையாது. திரும்பும்போது விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிடலாம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெயந்தி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

போன வாரம் அவளிடம் பேசினேன். பள்ளி நடக்கிறது. தினமும் பதினோரு மணிக்கு வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லப் பழக்குகிறாளாம், ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும்படி. பிறகு இன்னொன்றும் சொன்னாள். கழிப்பறைக்குக் குழாய் மாட்ட வந்த வெளியூர்க்காரர், விவரம் தெரியாமல் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டிவிட்டாராம். கணீரென்று காடு முழுக்கக் கேட்டிருக்கிறது.

"ஒருத்தியும் வெளிய வரலடி" என்றாள் ஜெயந்தி. "'ஆபீசர் வந்திருப்பாரு'ன்னு வேலையப் பாத்துக்கிட்டு இருந்திருக்காளுக."

தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதிலாக எதை அடிப்பது என்று ஊர் இரண்டு முறை கூடிப் பேசியும் முடிவாகவில்லை. தீபாவளி ஆர்டர் வந்து குவிந்துவிட்டது, செட்டுகளில் வேலை நடந்துகொண்டிருக்கிறது.