யூரியா மூட்டையில் கட்டிய கடுக்காய்

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் பாதையில் நான்காவது வளைவைத் தாண்டியபோது பின்னாலிருந்து வந்த ஜீப் நின்றது. ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். நடந்தே போகிறேன் என்றேன். உள்ளே உட்கார்ந்தால் யாராவது அக்காவைப் பற்றிக் கேட்பார்கள்.

அக்கா வீட்டுக்கு நான் போனது தை மாதம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், அதன்பின் எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. மாமா இறந்தபின் அக்கா தனியாக இருந்தாள். கூரை இரண்டு இடங்களில் பிய்ந்திருந்தது. அந்த வருடக் கடுக்காயை விற்று, ஆடிக்குள் தகர ஷீட் போட்டுவிட வேண்டும் என்பதே அவள் பேச்சு. இன்னொரு மழைக்காலத்தை அந்த மண்சுவர் தாங்காது.

விடிந்ததும் காட்டுக்குப் போய் உதிர்ந்ததைப் பொறுக்கினோம். மரத்தை உலுக்க அவள் விடவில்லை. பிஞ்சும் சேர்ந்து விழுமாம். பாறையில் பரப்பி, திருப்பிவிட்டு, தோல் சுருங்கியதும் வீட்டில் மூங்கில் கூடைகளில் கொட்டி வைப்பாள். கூடையை மூடமாட்டாள். அடிக்கடி கையை விட்டுக் கிளறுவாள்.

மாசிக் கடைசியில் மகளின் பிரசவத்துக்காக சந்தவாசல் போனாள். பாறையில் கடைசியாகப் போட்டது அப்போது பாதிதான் காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் மேகம் கறுத்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே கூடைகள். கணியம்பாடியில் ஒரு குடோனில் மூட்டை தூக்கியவன் நான். சரக்கைக் காப்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உள்ளே பிளாஸ்டிக் பை வைத்த காலி யூரியா சாக்குகளில் காய்ந்தது, காயாதது எல்லாவற்றையும் கொட்டி வாயை இறுக்கிக் கட்டினேன். நாலு தூறல்தான் விழுந்தது. அதன்பிறகும் மூட்டைகளை அவிழ்க்கவில்லை. அடுக்கி வைத்திருந்தது பார்க்க நன்றாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வந்து அக்கா முதல் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளிருந்து சூடு வந்தது. காய்கள் கறுத்து, மேலே வெள்ளையாகப் பூஞ்சணம். எல்லா மூட்டையும் அப்படித்தான். மழைக்குப் பயந்து கட்டினேன் என்றேன்.

"நனைஞ்சிருந்தா மறுபடி காயப் போட்டிருப்பன்டா. நீ கட்டி வச்சு அவிச்சுட்ட."

காய்களைத் தரையில் கொட்டிக்கொண்டே, "ஒண்டியா இருந்தப்பவே நல்லா இருந்தன்" என்றாள்.

கழுவி மறுபடி பரப்பினோம். வியாபாரி ஒரு காயை உடைத்து மோந்து பார்த்துவிட்டு டெம்போவைத் திருப்பிக்கொண்டு போனார். காட்டிலும் அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் நான் பையை எடுத்தேன். ஆடிக்குள் ஷீட்டோடு வருகிறேன் என்றதற்கு, "வந்தா வா" என்றாள். சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

அடுத்த நாள் காலை திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் கல் குவாரிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். கர்நாடகத்தில் வேலை. ஆவணி வரை நடுவில் ஊருக்கு விடமாட்டோம், கூலி கடைசியில் மொத்தமாகத்தான் என்றார். ஆடி அதற்கு முன்பே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தேன்.