லுங்கியில் ஒட்டியிருந்த பஞ்சு

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். வெல்டிங், மொபைல் பார்த்து நானே பழகியது. ஆரம்பத்தில் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். மெல்லக் கை படிந்தது.

அன்று தறியை நிறுத்திய கையோடு கொல்லைக்குப் போய், மாஸ்க்கை இறக்கி, உடைந்திருந்த கேட்டைப் பற்றவைக்கத் தொடங்கினேன். வெல்டு அவ்வளவு அழகாக ஓடியது. திடீரென மிஷின் நின்றது.

"ஐயோ, லுங்கி பத்திகினு எரியுதுங்க!"

சுவிட்சை அணைத்த மனைவி, பாவு நூலுக்குப் போட ஆறவைத்திருந்த கஞ்சியை வாளியோடு என்மேல் கொட்டினாள். லுங்கி முழுக்கத் தறிப் பஞ்சு. ஒரு பொறி விழுந்ததும் தீ முழங்கால்வரை ஓடிவிட்டது. மாஸ்க்குக்குள் எனக்கு எதுவுமே தெரியவில்லை!

இப்போது குளித்து, தறிப்பக்கம் போகாத காக்கி பேண்ட் மாட்டிய பிறகே ராடைத் தொடுகிறேன். சுவிட்ச் அருகில் அவள் வந்து நின்றால்தான் மாஸ்க்கை இறக்குவேன்.